போட்டிக்கு முன் வீங்கிய கால்

போட்டி நாள் விடியற்காலையில் லாயத்துக்குள் போகிறவருக்குத் தீனி வைப்பதற்கு முன்பே ஒரு வேலை இருக்கிறது. குதிரையின் பக்கத்தில் குனிந்து, நான்கு கால்களையும் மேலிருந்து கீழாக உள்ளங்கையால் தடவிப் பார்க்க வேண்டும். நல்ல குதிரைக்காரர்கள் இதைப் போட்டி நாளில் மட்டும் செய்வதில்லை. தினமும் காலையும் மாலையும் செய்கிறார்கள். அதனால்தான், நேற்று இரவு இல்லாத ஒரு சிறு புடைப்பு இன்று காலை இருந்தால், கண்ணுக்குத் தெரிவதற்கு முன்பே அது அவர்கள் கைக்குத் தெரிந்துவிடுகிறது.

அப்படி ஒரு வீக்கம் தட்டுப்படுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். குதிரை நன்றாகத்தான் நிற்கிறது. கொள்ளைத் தின்கிறது. மூக்கை நீட்டி உங்கள் சட்டைப் பையைத் துழாவுகிறது. பெயர் கொடுத்தாகிவிட்டது, பணம் கட்டியாகிவிட்டது, வண்டியில் ஏற்றிக் கொண்டுவந்தும் ஆகிவிட்டது. இன்னும் நான்கு மணி நேரத்தில் களத்தில் இறங்க வேண்டும். அந்த நான்கு மணி நேரத்தைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறேன்.

குதிரையின் கால் எப்படி அமைந்திருக்கிறது என்பதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும். எல்லாச் சிக்கலும் அங்கிருந்துதான் வருகிறது. குதிரை தன் நடுவிரலின் நகத்தில் நிற்கும் பிராணி. குளம்பு என்பது அந்த நகம். முன்னங்காலின் நடுவில் மடங்குகிற பெரிய மூட்டு, நம் உடம்பின் மணிக்கட்டுக்குச் சமம். பின்னங்காலில் பின்பக்கமாகத் துருத்திக்கொண்டிருப்பது குதிகால். இந்த இரண்டு மூட்டுகளுக்கும் கீழே சதைப்பிடிப்பே கிடையாது. எலும்பு, அதை ஒட்டி ஓடும் தசைநாண்கள், எலும்போடு எலும்பைப் பிணைக்கும் தசைநார்கள், இரத்தக் குழாய், நரம்பு, எல்லாவற்றையும் மூடிய தோல். அவ்வளவுதான். காலை இயக்கும் தசைகள் எல்லாம் இந்த மூட்டுகளுக்கு மேலே இருக்கின்றன. அவற்றின் விசையைக் குளம்புவரை கொண்டுபோய்ச் சேர்ப்பவை தசைநாண்கள். ஏறக்குறைய 500 கிலோ எடையுள்ள ஓர் உடல் இந்த மெலிந்த கால்களை நம்பி ஓடுகிறது, தாண்டுகிறது.

நாம் நடக்கும்போது கெண்டைக்கால் சதை சுருங்கிச் சுருங்கி இரத்தத்தை மேலே தள்ளுகிறது. குதிரையின் கீழ்க்காலில் அதற்கு வழியில்லை. அந்த வேலையில் பெரும்பங்கைக் குளம்புதான் செய்கிறது. குளம்பு தரையில் அழுந்தும்போது அதற்குள் இருக்கும் இரத்தம் மேல்நோக்கிப் பிதுக்கப்படுகிறது. தூக்கும்போது மறுபடி நிரம்புகிறது. நிணநீரும் அசைவை நம்பித்தான் மேலே ஏறுகிறது. புல்வெளியில் விடப்பட்ட குதிரை நாளெல்லாம் மேய்ந்தபடி நடந்துகொண்டே இருப்பதால் இதில் குறையொன்றும் வராது. போட்டிக்குப் போகும் குதிரையின் கதை வேறு. மணிக்கணக்காக வண்டியில் நிற்கிறது. இறங்கியதும் நான்கு அடி எடுத்துவைக்க இடமில்லாத தற்காலிக லாயத்தில் இரவு முழுவதும் நிற்கிறது. நீர் கீழேயே தங்கிவிடுகிறது. காலையில் பார்த்தால் கால் உருண்டிருக்கிறது.

போட்டி நாளின் கால் வீக்கங்களில் மிகச் சாதாரணமானது இதுதான். இதை அடையாளம் காண்பது கடினமில்லை. பெரும்பாலும் இரண்டு பின்னங்கால்களிலும் ஒரே அளவாக இருக்கும். சில சமயம் நான்கிலும் இருக்கும். தொட்டால் சூடு இராது. விரலால் அழுத்தினால் குழி விழும், குதிரை காலை இழுத்துக்கொள்ளாது. கயிற்றைப் பிடித்துக் கால்மணி நேரம் நடத்திவந்தால் வீக்கம் பாதியாவது வற்றியிருக்கும். இதற்கு மருந்து நடைதான். இப்படிப்பட்ட கால்களோடு குதிரை போட்டியில் கலந்துகொள்வதில் தவறேதும் இல்லை.

ஒற்றைக் கால் வீங்கியிருந்தால் கதை மாறிவிடுகிறது. நிற்பதால் தேங்கும் நீர் ஒரு காலை மட்டும் தேர்ந்தெடுத்துத் தேங்காது. ஒரு கால் மட்டும் வீங்கியிருக்கிறது என்றால், அந்தக் காலில் ஏதோ நடந்திருக்கிறது. பூச்சி கடித்திருக்கலாம். இரவில் சுவரில் உதைத்துக்கொண்டிருக்கலாம். முள் ஏறியிருக்கலாம். ஒரு பக்கம் இறுக்கியும் ஒரு பக்கம் தளர்த்தியும் கட்டிய கட்டுத்துணியே காரணமாக இருக்கலாம். குளம்புக்குள் சீழ் கட்டியிருக்கலாம். தசைநாண் பிய்ந்திருக்கவும் கூடும். இவ்வளவும் வெளியே ஒரே மாதிரியான சிறு வீக்கமாகத் தெரியும் என்பதுதான் கஷ்டம்.

இந்த இடத்தில்தான் பலரும் அவசரப்படுகிறார்கள். வீக்கத்தைக் கண்டதும் குழாயைத் திறந்து குளிர்ந்த தண்ணீரை அடிக்கிறார்கள், பனிக்கட்டி வைக்கிறார்கள், களிமண் பூசிக் கட்டுப்போடுகிறார்கள். இவை நல்ல சிகிச்சைகள்தான். ஆனால் பனிக்கட்டி வைத்த பிறகு காலில் சூடு இருந்ததா என்று யாராலும் சொல்ல முடியாது. குளிரில் மரத்துப்போன இடத்தை அழுத்தினால் வலியும் தெரியாது. களிமண் பூசிவிட்டால் முள் குத்திய துளை மறைந்துவிடும். மருத்துவர் வந்து பார்ப்பதற்குள் காலில் இருந்த தடயமெல்லாம் போய்விடுகிறது. நான் அழுத்தமாகச் சொல்ல விரும்புவது இந்த ஒன்றைத்தான்: வீக்கத்தை வற்றவைப்பதற்கு முன்னால் அது என்ன வீக்கம் என்று பார்த்துவிட வேண்டும். இதற்குக் கால்மணி நேரம் போதும். அவசரத்தில் பலரும் விட்டுவிடுவதும் இந்தக் கால்மணி நேரத்தைத்தான்.

எப்படிப் பார்ப்பது? இரண்டு கால்களிலும் ஒரே இடத்தில் புறங்கையை வைத்து ஒப்பிட்டுப் பாருங்கள். ஒரு காலைத் தனியாகத் தொட்டால் சூட்டின் வித்தியாசம் தெரியாது. பிறகு காலைத் தூக்கிப் பிடித்து, எடை இறங்காத நிலையில் பின்பக்கத் தசைநாண்களைக் கட்டைவிரலுக்கும் ஆட்காட்டிவிரலுக்கும் நடுவே வைத்து மேலிருந்து கீழாக மெதுவாக நசுக்கிக்கொண்டே வாருங்கள். ஓர் இடத்தில் குதிரை வெடுக்கென்று இழுத்தால் அதை நினைவில் வையுங்கள். இன்னொரு காலிலும் அதே இடத்தில் செய்து பாருங்கள். சில குதிரைகள் எங்கே நசுக்கினாலும் இழுக்கும். குளம்புக்கு மேலே உள்ள மூட்டின் பின்பக்க ஓரங்களில் நாடித்துடிப்பு தெரியும். நலமான காலில் அதைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். விரலை வைத்ததும் படபடவென்று அடித்தால் குளம்புக்குள் கோளாறு இருக்கலாம். குளம்பைத் தூக்கி அடிப்பாகத்தைச் சுரண்டிப் பாருங்கள். கல் சிக்கியிருக்கிறதா, ஆணி ஏறியிருக்கிறதா, லாடம் இடம் மாறியிருக்கிறதா என்று கவனியுங்கள். பிறகு உடல் வெப்பம். குதிரைக்கு ஓய்வில் 37.5 முதல் 38.5 டிகிரி செல்சியஸ் வரை இருக்கலாம். காய்ச்சலும் கால் வீக்கமும் சேர்ந்து இருந்தால் அன்றைக்குப் போட்டி கிடையாது.

காயத்தைத் தேடும்போது முடியை விலக்கித் தேட வேண்டும். மூட்டுக்குப் பக்கத்தில் குண்டூசித் தலை அளவில் ஒரு துளை இருந்து, அது மூட்டுக்குள் போயிருந்தால், வீக்கம் எவ்வளவு சிறியதாக இருந்தாலும் அது அவசர நிலை. மூட்டுக்குள் கிருமி போய்விட்டால் சில மணி நேரம் தாமதித்தாலும் குதிரை நிரந்தரமாக நொண்டியாகிவிடலாம், உயிருக்கே ஆபத்தும் வரலாம். கால் முழுவதும் திடீரென்று இரண்டு மடங்காகப் பருத்து, தொட விடாமல் குதிரை துடித்தால், தோலுக்கடியில் தொற்று பரவுகிறது என்று சந்தேகிக்க வேண்டும். பெரும்பாலும் பார்த்தால் தெரியாத ஒரு கீறல் வழியாகத்தான் அந்தக் கிருமி நுழைந்திருக்கும். இந்த இரண்டிலும் குழாய்த்தண்ணீரோடு நேரத்தைக் கழிக்காமல் உடனே மருத்துவரை அழைக்க வேண்டும்.

கடைசியாகக் குதிரையை ஓடவிட்டுப் பார்ப்பது. கெட்டியான சமதரையில், உதவிக்கு ஒருவரைக் கயிற்றைத் தளர்வாகப் பிடித்துக்கொண்டு, நேர்கோட்டில் மெதுவான ஓட்டநடையில் போய் வரச் சொல்லுங்கள். முன்னங்காலில் வலி இருந்தால், அந்தக் கால் தரையைத் தொடும்போது தலை மேலே எழும்; நல்ல கால் ஊன்றும்போது கீழே இறங்கும். பின்னங்காலில் வலி இருந்தால் இடுப்பின் ஒரு பக்கம் மற்றதைவிட அதிகமாக ஏறி இறங்கும். கண்ணை மூடிக்கொண்டு கேட்டாலும் தெரியும்: குளம்புச் சத்தத்தில் தாளம் பிசகும். குதிரை நடக்கவே தயங்கினால் இந்தச் சோதனையே வேண்டாம்.

"நொண்டவில்லையே, அப்புறம் என்ன?" என்று கேட்பார்கள். நொண்டாத குதிரைக்கு ஒன்றுமில்லை என்று நினைப்பது ஆபத்து. தசைநாணில் ஏற்படும் ஆரம்பச் சேதம் பல சமயம் குதிரையை நொண்டவைப்பதில்லை. நொண்டினாலும் ஓரிரு நாளில் நின்றுவிடும். ஆனால் உள்ளே இழைகள் அறுந்திருக்கும்.

தசைநாணைப் பற்றிக் கூடுதலாகச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. முன்னங்காலின் பின்பக்கத்தில், தோலை அடுத்து ஓடும் தசைநாண், குதிரை முழு வேகத்தில் பாயும்போது அறுந்துபோகும் எல்லைக்கு மிக அருகில்வரை நீள்கிறது. அந்த நீட்சியிலும் சுருக்கத்திலும் உண்டாகும் சூட்டை வெளியேற்ற அங்கே இரத்த ஓட்டம் போதாது. பாய்ந்தோடும் குதிரைகளின் தசைநாணின் நடுப்பகுதியில் 45 டிகிரி செல்சியஸ் வரை வெப்பம் அளக்கப்பட்டிருக்கிறது. அதனால்தான் அடி வெளியோரத்தில் விழாமல் பெரும்பாலும் மையத்தில் விழுகிறது என்று கருதுகிறார்கள். வெளியே தெரிவது முன்னங்காலின் நடு மூட்டுக்குக் கீழே பின்பக்கத்தில் ஒரு மெல்லிய வளைவு, கொஞ்சம் சூடு, அவ்வளவே. அது ஆறும்போது பழைய இழை திரும்ப வருவதில்லை. வடுத்திசு வந்து நிரப்புகிறது. கிழிந்த பட்டில் கோணித்துண்டை ஒட்டுப்போட்டதைப் போல, அந்த இடம் பிடிக்கும், ஆனால் பழைய நெகிழ்ச்சி இராது. சரியாக ஆறவே ஒன்பது மாதம், ஒரு வருடம் ஆகும். சிறு சேதத்தோடு களத்தில் இறங்கும் குதிரை அன்றைக்கு நன்றாகவே தாண்டிவிடக்கூடும். ஆனால் நூறு இழை அறுந்திருந்த இடத்தில் ஆயிரம் இழை அறுந்து வெளியே வரும். இதை நினைத்தால் எனக்கு மனம் பதறுகிறது. ஏனென்றால் வாய் திறந்து வேண்டாம் என்று சொல்ல அந்தப் பிராணியால் முடியாது. ஓட்டுகிறவர் கேட்டால் அது ஓடும்.

சரி, பார்த்தாயிற்று. சூடில்லை, வலியில்லை, காயம் இல்லை, நடை சீராக இருக்கிறது. அல்லது ஒரு பூச்சிக்கடி, ஒரு சிறு இடி என்று தெளிவாகத் தெரிகிறது. இப்போது தண்ணீரைத் திறக்கலாம். இருபது நிமிடம் குளிர்ந்த தண்ணீரை ஓடவிடுங்கள். பனிக்கட்டி வைப்பதானால் தண்ணீரோடு கலந்து வைப்பது நல்லது. கால் முழுவதும் சீராகக் குளிரும், தோலும் குளிரில் புண்ணாகாது. பிறகு நடத்துங்கள். மீண்டும் குளிர்வியுங்கள். லாயத்தில் நிற்கும்போது கட்டுப்போடுவதானால் அடியில் தடிமனாகப் பஞ்சு கொடுத்து, சுருக்கம் விழாமல், ஒரே இறுக்கமாகக் கட்ட வேண்டும். ஒரு காலுக்குக் கட்டினால் ஜோடிக் காலுக்கும் கட்டுங்கள். நோகும் காலுக்கு ஓய்வு கொடுக்க எடையைத் தாங்குவது அந்தக் கால்தான். சரியாகக் கட்டத் தெரியாதவர் கட்டாமல் விடுவதே நல்லது. மோசமான கட்டு தானே ஒரு தசைநாண் வீக்கத்தை உண்டாக்கிவிடும்.

பலர் கைவைப்பது வலிமருந்தில். குதிரைக்காரர்கள் 'பியூட்' என்று சுருக்கமாகச் சொல்லும் ஃபினைல்பியூட்டசோன் குதிரை மருத்துவத்தில் பழமையான, பயனுள்ள மருந்து. மருத்துவர் சொன்னால் வீட்டில் இருக்கும் குதிரைக்குக் கொடுக்கலாம். ஆனால் சர்வதேசக் குதிரையேற்றச் சம்மேளனத்தின் விதிப்படி, போட்டியிடும் குதிரையின் உடலில் அது இருக்கக் கூடாது. கொடுத்து நாட்கள் கழிந்த பிறகும் சோதனையில் தட்டுப்படும். விதி இருக்கட்டும், வலி என்பது குதிரை தன் காலைக் காத்துக்கொள்ளும் வழி. அதை அணைத்துவிட்டு வேலியைத் தாண்டச் சொல்வது அநியாயம்.

மாத்திரை, ஊசி மட்டுமல்ல, காலில் பூசும் களிம்பும் பதக்கத்தைப் பறித்திருக்கிறது. 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் ஜெர்மனி தாண்டல் அணிப் போட்டியில் தங்கம் வென்றது. லுட்கர் பேர்பௌம் ஓட்டிய கோல்ட்ஃபீவர் என்ற குதிரையின் சோதனையில் பீட்டாமெத்தசோன் தட்டுப்பட்டது. தோல் எரிச்சலுக்குப் பூசிய களிம்பிலிருந்து வந்தது அது. ஜெர்மனியின் தங்கம் பறிபோய் அமெரிக்காவுக்குப் போனது. நான்கு ஆண்டு கழித்து பெய்ஜிங் ஒலிம்பிக்கின் குதிரைப் போட்டிகள் ஹாங்காங்கில் நடந்தன. அங்கே நான்கு குதிரைகள் கேப்சைசினுக்காகப் பிடிபட்டன. கேப்சைசின் வேறொன்றுமில்லை, நம் மிளகாயின் காரம். தசைவலிக் களிம்புகளில் அது சேர்கிறது. வலியைக் குறைக்கும், அதே பொருள் தோலை எரியவைத்து, கம்பியில் கால் பட்டால் சுரீரென்று உறைக்கவும் செய்யும். அதற்கு அஞ்சிக் குதிரை காலை உயர்த்தித் தாண்டும் என்பதால் அது இரண்டு வகையிலும் குற்றம். நார்வேயின் டோனி ஆந்த்ரே ஹான்சன் ஓட்டிய கமிரோ அந்த நான்கில் ஒன்று. நார்வே அணி தன் வெண்கலத்தைச் சுவிட்சர்லாந்துக்கு விட்டுக்கொடுக்க நேர்ந்தது. ஆகவே லாயத்து அலமாரியில் இருக்கும் எந்தக் களிம்பையும், எந்தக் களிமண் பூச்சையும், டப்பாவின் மேல் எழுதியிருப்பதை ஒவ்வொரு சொல்லாகப் படிக்காமல் தொடாதீர்கள். 'மூலிகை' என்று எழுதியிருந்தால் இன்னும் கவனமாகப் படியுங்கள்.

ஒரு தவறும் செய்யாதவர்களும் வெளியேற நேரும். 2012 லண்டன் ஒலிம்பிக்கில் கனடாவின் டிஃபனி ஃபாஸ்டர் ஓட்டிய விக்டர் என்ற குதிரையின் இடது முன்னங்காலில், குளம்பும் தோலும் சேரும் விளிம்பில், தொட்டால் அதிகமாகக் கூசுகிறது என்று கண்டு போட்டியிலிருந்து நீக்கினார்கள். யாரும் எந்த முறைகேடும் செய்ததாகக் குற்றச்சாட்டு இல்லை என்று சம்மேளனமே சொன்னது. கனடா அணியினர் கொதித்துப்போனார்கள். அவர்கள் வருத்தம் எனக்குப் புரிகிறது. ஆனாலும் ஐயம் வந்தால் அதன் பலனைக் குதிரைக்குக் கொடுக்கும் விதி நல்ல விதி என்றே நான் நினைக்கிறேன்.

பெரிய போட்டிகளில் இந்த முடிவின் ஒரு பகுதியை மற்றவர்கள் எடுக்கிறார்கள். மூன்று கட்டப் போட்டிகளில் தொடக்கத்துக்கு முன்பும், பெருவெளித் தாண்டலுக்குப் பிறகும் குதிரைகளை வரிசையாக நடத்தியும் ஓட்டியும் காட்ட வேண்டும். நடுவர்களும் மருத்துவரும் நின்று பார்த்து, தகுதியில்லை என்றால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். நம் ஊர்த் திருவிழாக்களில் தார்ச்சாலையில் நடக்கும் குதிரை வண்டிப் பந்தயங்களுக்கு இந்த ஏற்பாடு இன்னும் அவசியம் என்பேன். தார்ச்சாலையில் குளம்பு விழும் ஒவ்வொரு முறையும் அதிர்ச்சி நேராக எலும்புக்கும் மூட்டுக்கும் ஏறுகிறது. அங்கே காலையில் காலைத் தடவிப் பார்க்கும் கை, வண்டியோட்டும் சாரதியின் கையாகத்தான் இருக்க முடியும்.

களத்தில் இறங்கிய பிறகும் விலகும் முடிவை எடுக்கலாம். ரியோ ஒலிம்பிக்கில், 2016இல், நெதர்லாந்தின் அடெலிண்ட கொர்னெலிசனின் குதிரை பார்ஸிவாலுக்கு முகம் வீங்கியது. கால் வீக்கம் அல்ல; பூச்சிக்கடி என்று கருதினார்கள். காய்ச்சல் 40 டிகிரியைத் தாண்டியது. சிகிச்சையில் தணிந்தது. அவர் பங்கேற்காவிட்டால் அது அணியைப் பாதிக்கும் என்ற நிலை. களத்தில் இறங்கினார். ஆட்டத்தைத் தொடங்கிய கொஞ்ச நேரத்தில், குதிரை சரியாக இல்லை என்று உணர்ந்து, நிறுத்தி வணக்கம் சொல்லி வெளியே வந்துவிட்டார். நான்கு வருடம் முன்பு அதே குதிரையோடு லண்டனில் தனிநபர் வெள்ளி வென்றவர் அவர். களத்துக்குள் போகாமலே நின்றிருக்க வேண்டும் என்று சொன்னவர்களும் உண்டு. ஆனால் ஒலிம்பிக் அரங்கில் அத்தனை பேர் பார்த்துக்கொண்டிருக்கும்போது பாதியில் நிறுத்துவதற்கு வேண்டிய துணிவை நான் மிகவும் மதிக்கிறேன்.

நம்மில் ஒருவர் காலையில் அதே முடிவை எடுத்து, பெயரை விலக்கிக்கொண்டார் என்று வைத்துக்கொள்வோம். அதோடு வேலை முடிந்துவிடவில்லை. வீக்கம் எந்த இடத்தில், எவ்வளவு நீளம், சூடு உண்டா, உடல் வெப்பம் எத்தனை, எத்தனை மணிக்குப் பார்த்தது, என்ன செய்தது என்று ஒரு தாளில் எழுதுங்கள். கைபேசியில் இரண்டு கால்களையும் சேர்த்துப் படம் எடுங்கள். தசைநாண் மீது சந்தேகம் இருந்தால் ஸ்கேன் எடுக்க வேண்டும். முதல் நாள் ஸ்கேனில் சேதம் முழுமையாகத் தெரியாமல் போகலாம். ஒரு வாரம் கழித்து எடுக்கும் ஸ்கேன்தான் உண்மையைச் சொல்லும். ஆகவே வீக்கம் மூன்றாம் நாளே வற்றிவிட்டது என்று சேணம் பூட்டிவிடாதீர்கள். மருத்துவர் சொன்ன அளவுக்குக் கையில் பிடித்து நடத்துங்கள். அந்த இரண்டாவது ஸ்கேனைப் பார்த்த பிறகு அடுத்த போட்டிக்குப் பெயர் கொடுப்பதா என்று முடிவு செய்யலாம்.